வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால்: மாத்திரைக்கும் மனசுக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். மனநல ஆலோசனையும் இலவசம். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் கிடைக்கும். ஆனால் ஓபி சீட்டு வேறு, கட்டடம் வேறு, பல இடங்களில் நாளும் வேறு. டிபி பிரிவில் எடை பார்ப்பார்கள், சளி கேட்பார்கள், மாத்திரை தருவார்கள். ‘தூக்கம் வருதா, அழுகை வருதா’ என்று கேட்பது அந்தந்த ஊழியரின் மனசையும் அன்றைய கூட்டத்தையும் பொறுத்தது. இரண்டு பிரிவையும் இணைக்கிற வேலை கடைசியில் வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டை வைத்து எழுதியிருக்கிறேன்.

உலகத்தில் காசநோய் வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். ஆகவே ‘நமக்கு எப்படி வந்தது’ என்று குடைந்துகொண்டே இருப்பதில் பயனில்லை. காற்றில் வந்தது. அவ்வளவுதான்.

முதல் படி: சளியை ஒழுங்காகக் கொடுப்பது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கி வாங்கி இரண்டு மாதம் ஓட்டுபவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த இரண்டு மாதமும் கிருமி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

பரிசோதனையில் பாதி வேலை டப்பாவில் என்ன விழுகிறது என்பதில் இருக்கிறது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்தவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக, ஒரு டீஸ்பூன் அளவாவது வேண்டும். மருத்துவமனையில் ஒரு டப்பா, மறுநாள் காலை எழுந்ததும் ஒரு டப்பா. காலைச் சளிதான் உருப்படியானது. மற்றவர்கள் முன்னால் காறித் துப்பப் பெண்கள் கூச்சப்படுவார்கள். கூட ஒருவர் போய் ஒதுக்குப்புறமான இடம் பார்த்துக் கொடுத்தால் பெரிய உதவி.

சிபிநாட் அல்லது ட்ரூநாட் மெஷினில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெஷினில் வைத்தால் ஓரிரு மணி நேர வேலைதான். கிருமி இருக்கிறதா என்பதோடு, டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்றும் சொல்லிவிடும். கூடவே சர்க்கரையும் எச்ஐவியும் பார்ப்பார்கள். அது சந்தேகத்தினால் அல்ல, டிபி வந்த எல்லோருக்கும் உள்ள நடைமுறை. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ‘என்னை என்ன நினைச்சுட்டாங்க’ என்று மனசு அங்கேயே முறிந்துவிடும்.

இரண்டாம் படி: முடிவு வந்த அன்று

அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. நுரையீரலிலா, வேறு இடத்திலா? மருந்துக்கு அடங்கும் வகையா? இன்றைய எடை என்ன? நிக்‌ஷய் எண் என்ன?

நுரையீரல் தொடாமல் கழுத்துக் கட்டியிலோ முதுகெலும்பிலோ மட்டும் டிபி என்றால் அது அடுத்தவருக்குத் தொற்றாது. இந்த ஒரு தகவலைச் சொல்லாததால் கழுத்தில் கட்டி வந்த பெண்ணைத் தனி அறையில் உட்கார வைத்த வீடுகள் உண்டு.

நிக்‌ஷய் என்பது மத்திய அரசின் பதிவுத் தளம். அந்த எண் இருந்தால் வெளியூர் போனாலும் அங்குள்ள மையத்தில் மருந்து தொடரும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, சொந்த ஊர் ராமநாதபுரம் என்று இருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் பதிவு கட்டாயம். 2012 முதல் அதுதான் விதி. தனியாரில் பார்ப்பவரும் அரசின் இலவச மாத்திரையையும் சத்துணவுப் பணத்தையும் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலிலிருந்து ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடக்கிறது. டிபி சாவுகளில் பெரும்பங்கு சிகிச்சையின் முதல் சில வாரங்களில் நடப்பதால் வந்த ஏற்பாடு இது. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகமாக ஓடுகிறதா, ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருந்தால் அட்மிட் செய்வார்கள். ‘மாத்திரைதானே, வீட்டிலேயே பார்த்துக்கிறோம்’ என்று அடம்பிடிக்காதீர்கள். அப்படி யாரும் பார்க்கவில்லை என்றால் நீங்களே ‘ஆக்சிஜன் பாத்தீங்களா சிஸ்டர்’ என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் என்ன மாற்ற வேண்டும், என்ன மாற்றக் கூடாது

செய்தி வீட்டுக்கு வந்ததும் முதலில் நகர்வது தட்டும் டம்ளரும்தான். அதற்கு எந்த அவசியமும் இல்லை. தட்டு, துணி, தொடுவது எதிலும் காசநோய் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளியை அடுத்தவர் சுவாசித்தால்தான் பரவும். எனவே மாற்ற வேண்டியது காற்றை. ஜன்னலைத் திறங்கள், வெயில் வரும் அறையை நோயாளிக்குக் கொடுங்கள், சளியில் கிருமி இருந்தால் முதல் சில வாரம் மாஸ்க் போடச் சொல்லுங்கள், இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்து, மாத்திரை ஒழுங்காகப் போனால் இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது மாஸ்க்கைக் கழற்றலாம், குழந்தையைத் தூக்கலாம் என்று தேதி கேட்டு வாங்குங்கள். தேதி தெரியாத ஒதுக்கல் ஆறு மாதமும் நீண்டுபோகும்.

நோயாளியை ஒதுக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பது நம்ம ஊரிலேயே நிரூபிக்கப்பட்ட விஷயம். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் சானடோரியம் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) தொடங்கிய காலத்தில் டிபிக்கு வைத்தியம் என்றால் காற்றோட்டமான இடத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஊரை விட்டு ஒதுங்கி இருப்பது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தது, மறு பகுதியைச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே வைத்தது, இரு பகுதிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டு ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்ததாகவும் தெரியவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வு நடந்த ஊரில் இன்னும் தட்டைத் தனியாக வைக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் எரிச்சலைத் தரும்.

வீட்டில் மற்ற எல்லோரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கண்டிப்பாகக் கேளுங்கள். மருந்தின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் தினமும் அல்லது மூன்று மாதம் வாரம் ஒருமுறை. ‘நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்கு மாத்திரை’ என்று பாட்டி கேட்பார். நல்லா இருக்கும்போதே கொடுப்பதுதான் அதன் பயன் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

நான்காம் படி: மாத்திரையை அறிந்துகொள்வது

சாதாரண டிபிக்கு ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால். அடுத்த நாலு மாதம் பைராசினமைடு நீங்கலாக மூன்று. எத்தனை மாத்திரை என்பதை எடைதான் தீர்மானிக்கும். பெரியவர்களுக்கு 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. எடை ஏறினால் எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயம் வேண்டாம், ரிஃபாம்பிசினின் நிறம் அது. ஆனால் கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போவது இவையெல்லாம் அன்றே ஓட வேண்டிய அறிகுறிகள். கண் மஞ்சளாக இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கை கால் எரிச்சலுக்கு வைட்டமின் பி6 தருவார்கள். குடிப்பவராக இருந்தால் ஈரல்தான் முதலில் அடி வாங்கும். குடியை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் அதே மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சிகிச்சை இருக்கிறது.

சர்க்கரை, வலிப்பு, மன அழுத்தம், கருத்தடை என்று எந்த மாத்திரை ஏற்கெனவே போட்டாலும் சீட்டோடு காட்டுங்கள். ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு மற்ற பல மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். கருத்தடை மாத்திரை போடும் பெண்ணுக்கு அது வேலை செய்யாமல் போகலாம். வேறு முறை கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: மனசைக் கவனிப்பது

இங்கேதான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பழைய கதை. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் டிபி நோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் திடீரென்று உற்சாகமானார்கள், பசித்துச் சாப்பிட்டார்கள், ஆடவும் செய்தார்கள். மன அழுத்தத்துக்கான முதல் மருந்துகளில் ஒன்று அப்படித்தான் டிபி வார்டிலிருந்து வந்தது. ஈரலைக் கெடுத்ததால் பிறகு கைவிடப்பட்டது. அதன் நெருங்கிய உறவான ஐசோனியாசிட்டைத்தான் இன்றைக்கும் நம்ம ஆட்கள் விழுங்குகிறார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், மிக அரிதாகச் சித்தம் கலங்கும். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கப்படும் சைக்ளோசெரின் இதில் இன்னும் மோசம். சோர்வு, பயம், யாரோ பேசுவது போன்ற பிரமை, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம். அடங்காத வகைக்கு இப்போது ஆறு மாதப் புதிய மருந்துத் தொகுப்பும் வந்திருக்கிறது. பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். அதில் உள்ள லினிசோலிட் சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டும் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே ஆள் மாறிப்போனால் ‘மனசு தளர்ந்துட்டார்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். மாத்திரையாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம், அண்ணி வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் மூன்றும் கலந்துதான் இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டாக்டர்களும் பயன்படுத்தும் இரண்டு கேள்விகள் அவை. கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடித்த காரியங்களில் ஆர்வம் இல்லாமல் போனதா? மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாமல் இருந்ததா? ‘பாதி நாளுக்கு மேல் அப்படித்தான்’ என்று ஏதாவது ஒன்றுக்குப் பதில் வந்தால் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகும் அன்றே கேட்டுவிடுவது நல்லது, மறக்காது. கேட்கும் விதமும் முக்கியம். ‘டிப்ரஷனா உனக்கு’ என்றால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘ராத்திரி தூங்கறியாம்மா, எத்தனை மணிக்கு முழிப்பு வருது’ என்று ஆரம்பித்தால் மிச்சம் தானாக வரும்.

எங்கே போவது? முதலில் போன். 14416. டெலி மனாஸ் என்ற தேசிய சேவை இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரிலும் அறியப்படுகிறது. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார். பேசும்போது ‘டிபி மருந்து சாப்பிடுகிறார்’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அந்தக் குழு சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வரும். எந்த நாள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்கள். டிபி தொடர்பான சந்தேகங்களுக்கு 1800-11-6666.

‘இருந்து என்ன பயன்’, ‘நான் போனா உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு வந்தால் சமாதானம் சொல்லி மழுப்ப வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைப் பட்டைகளையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அன்றன்றைய மாத்திரையை மட்டும் கையில் கொடுங்கள். 14416, அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050. ஏதாவது செய்துகொண்டிருந்தால் உடனே 108. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

பார்த்துக்கொள்பவரையும் யாராவது பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண். வேலைக்கும் போய், சமைத்து, மாத்திரை கொடுத்து, சொந்தக்காரர்களுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருப்பார். 14416 அவருக்கும்தான்.

ஆறாம் படி: சாப்பாடும் பணமும்

ஜார்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், டிபி நோயாளி வீடுகளுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தபோது, அந்த வீட்டு ஆட்களுக்குப் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது 2 கிலோ. எனவே பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் தள்ளி வைக்காதீர்கள். பருப்பு, வேர்க்கடலை, முட்டை, கருவாடு எது கட்டுப்படியாகிறதோ அது. பசி இல்லாதவருக்குத் தட்டு நிறைய வைத்தால் பார்த்ததும் வெறுத்துவிடும். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சத்துணவுக்காக நோயாளிக்குத் தரும் பணம் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், போன் எண் இவற்றைப் பதிவு செய்யும் அன்றே கொடுங்கள். கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போகும், பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டும். உணவுப் பெட்டி தரும் நிக்‌ஷய் மித்ரா உதவியும் உண்டு. அதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். பெட்டியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்க வந்தால் ‘போட்டோ வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள வேலையா? டிபி, நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் பட்டியலில் இருக்கிறது. சம்பளத்தில் 80 சதவீதம் வரை, நீண்ட காலத்துக்குக் கிடைக்கும். எவ்வளவு காலம் வேலை, எத்தனை நாள் சந்தா என்ற நிபந்தனைகள் உண்டு. வேலையை விடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள், விட்ட பிறகு அல்ல.

ஏழாம் படி: இரண்டாம் மாதத்துக்குப் பிறகு

இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். மாத்திரையை நிறுத்தத் தோன்றுவது இப்போதுதான். இன்னொரு பக்கம், உடம்பு தேறியும் மனசு தேறாதவர்களும் இப்போதுதான் நிறுத்துகிறார்கள். ‘எதுக்கு சாப்பிடணும்’ என்ற கேள்வி மனச்சோர்வின் குரல். அரைகுறையாக நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். சாப்பிட்ட ஒவ்வொரு நாளையும் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வட்டம் இல்லை என்றால் திட்டாமல் காரணம் கேளுங்கள். வயிற்றுப் புரட்டலா, மறதியா, வெறுப்பா என்பதைப் பொறுத்து வழி வேறு. இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் சளி சோதனை உண்டு.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது? அது நோயாளியின் முடிவு. ஊழியர்கள் வீடு தேடி வருவது பிடிக்கவில்லை என்றால் வெளியில் சந்திக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாத்திரை முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கூப்பிடவில்லை என்றால் நீங்களே போங்கள். நுரையீரலில் தழும்பு விழுந்தவர்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது தொடரலாம். அது நோய் திரும்பியதுதான் என்று அர்த்தமில்லை, ஆனால் காட்டாமல் விடக் கூடாது.

மனநல மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர் டிபி மாத்திரையோடு சேர்த்து அதையும் தானாக நிறுத்தக் கூடாது. ரிஃபாம்பிசின் இருந்தவரை அந்த மருந்தை ஈரல் வேகமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்ட டாக்டர் அளவைக் கூட்டியிருக்கலாம். ரிஃபாம்பிசின் நின்று ஒன்றிரண்டு வாரத்தில் அதே அளவு அதிகமாகிப் போகும். ஆகவே டிபி பிரிவில் கடைசி மாத்திரை வாங்கும் அன்றே, பக்கத்துக் கட்டடத்தில் மனநலப் பிரிவுக்கும் ஒரு ஓபி சீட்டுப் போட்டுவிடுங்கள்.